தார், ஜிம்னிக்கு 'லிஃப்ட் கிட்' போடலாமா? 2 இன்ச் உயர்த்தினால் என்னவெல்லாம் மாறும்?

புது வண்டியை டெலிவரி எடுத்ததும் முதலில் கோயில், அடுத்தது மாடிஃபிகேஷன் ஷெட். தார், ஜிம்னி மாதிரியான 4×4 வண்டி வாங்கும் பலரின் ரூட் இதுதான். "ரெண்டு இன்ச் தூக்கிட்டா போதும், அடி தட்டவே தட்டாது" என்பது அங்கே வழக்கமாகக் கேட்கும் பேச்சு. பார்ப்பதற்கும் வண்டி கெத்தாக மாறிவிடும்.

ஆனால், அந்த 2 இன்ச்சில் உண்மையில் உயர்வது எது? உயராமல் அப்படியே இருப்பது எது? சட்டம் இதை அனுமதிக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் என்ன?

சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கும், வண்டியின் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அதிகமாக்குவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, ஸ்பேசர். ஏற்கெனவே இருக்கும் காயில் ஸ்பிரிங்குக்கு மேலேயோ கீழேயோ ஒரு கட்டையான வளையத்தை வைப்பார்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும்.

இரண்டாவது, முழு கிட். நீளமான ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் என செட்டாக மாற்றுவது. செலவு அதிகம் என்றாலும், தொழில்நுட்ப ரீதியாக இதுதான் சரியான முறை.

'பாடி லிஃப்ட்' என்பது வேறு. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குவது அது. அதில் சேசிஸ் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது.

லாபம் என்ன?

2020-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. ஜிம்னிக்கு 210 மி.மீ. ஆனால் காட்டுப் பாதையில் இந்த ஒரு எண் மட்டும் போதாது. மூன்று கோணங்களும் முக்கியம்.

மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமல் இருக்க ஒரு கோணம், இறங்கி முடிக்கும்போது பின் பம்பர் உரசாமல் இருக்க ஒரு கோணம், நடு வயிறு தட்டாமல் மேட்டைக் கடக்க ஒரு கோணம். தாரில் இவை முறையே 41.8, 36.8, 27 டிகிரி. லிஃப்ட் போட்டால் இந்த மூன்றும் கூடும். வீலுக்கு மேலே இடம் கிடைப்பதால் பெரிய டயரும் மாட்ட முடியும். லிஃப்ட்டின் நிஜமான லாபம் இதுதான்.

உயராமல் இருப்பது எது?

பலரும் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. தாரின் பின்பக்கம் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில். ஜிம்னியில் முன், பின் இரண்டுமே அப்படித்தான். அந்தத் தண்டில் உருண்டையாகத் தொங்குவது டிஃபரன்ஷியல். பாறையில் முதலில் தட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஸ்பிரிங் இந்த ஆக்ஸிலுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் அதற்கு மேலே இருப்பது மட்டுமே உயரும். டிஃபரன்ஷியல் அதே உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்த வழக்கமான வழி பெரிய டயர்தான். அதிலும் டயரின் விட்டம் 2 இன்ச் கூடினால், ஆக்ஸில் உயர்வது 1 இன்ச் மட்டுமே.

ஆக, "லிஃப்ட் போட்டாச்சு, இனி எதுவும் தட்டாது" என்பது பாதி உண்மைதான்.

வேறு என்னென்ன மாறும்?

தாரின் முன்பக்கம் இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். அதை உயர்த்தும்போது சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் அதிக சாய்வில் சுழலும். அதன் ஜாயின்ட்டும் ரப்பர் பூட்டும் சீக்கிரம் தேய வாய்ப்புண்டு.

ஜிம்னியில் பிரச்சினை வேறு மாதிரி. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடு, லிஃப்ட்டுக்குப் பிறகு ஆக்ஸிலை லேசாக ஒரு பக்கம் இழுத்துவிடும். ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்புவதற்கு உதவும் 'காஸ்டர்' கோணமும் குறையும். இவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் ஹைவேயில் வண்டி அலையும்.

பிரேக் ஹோஸின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட்டை இறக்கி செட் பண்ணாவிட்டால் எதிரில் வருபவரின் கண் கூசும். பானட் உயர்வதால், வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை டிரைவர் கண்ணில் படாத தூரமும் அதிகமாகும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். டயர் 5 சதவீதம் பெரிதானால், மீட்டரில் 80 காட்டும்போது வண்டி ஓடுவது 84-ல்.

மலைப்பாதையில் ஏன் கவனம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. வளைவில் வண்டி கவிழுமா, நிற்குமா என்பதை முடிவு செய்வதில் இரண்டு அளவுகள் முக்கியம்: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், எடை மையத்தின் உயரம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் வரும் எண் எவ்வளவு பெரிதோ, அந்த அளவுக்கு வண்டி கவிழாமல் நிற்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. அகலம் 150 செ.மீ., எடை மையத்தின் உயரம் 70 செ.மீ. என்றால் கிடைப்பது 1.07. லிஃப்ட்டால் எடை மையம் 4 செ.மீ. உயர்ந்தால் அது 1.01 ஆகிவிடும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ரூஃப் கேரியரில் லக்கேஜ், பின் சீட்டில் குடும்பம், திடீரென ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டிய நிலை என எல்லாம் சேரும்போது இந்த வித்தியாசம்தான் உயிரைத் தீர்மானிக்கும். இ.எஸ்.பி. போன்ற பாதுகாப்பு வசதிகளும் கம்பெனி கொடுத்த உயரத்தை வைத்து அமைக்கப்பட்டவைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு வந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஷெட்காரருக்கு அல்ல, ஓனருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வாரன்டி, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் இரண்டிலும் சிக்கல் வரலாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* வண்டியின் அடிப்பாகத்துக்கு இரும்புத் தகடு பாதுகாப்பு போடுவது பற்றி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.
* அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவில், ஆஃப்ரோடுக்கு ஏற்ற பட்டன் உள்ள டயரைத் தேர்வு செய்யலாம்.
* பழைய வண்டி தாழ்ந்து போயிருந்தால், ஸ்பிரிங் களைத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அதே அளவில் புது ஸ்பிரிங் போட்டாலே பழைய உயரம் திரும்பி வந்துவிடும்.
* மணலில், சேற்றில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் நிரப்புங்கள்.

இதற்குப் பிறகும் லிஃப்ட் வேண்டும் என்று தோன்றினால், ஷெட்டில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.