திரும்பி வரும் மனச்சோர்வு

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். நன்றாகப் படிப்பார். திடீரென்று ஒரு மாதம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பழையபடி வந்திருச்சு தம்பி" என்றார்.

அவருக்கு வந்தது மனச்சோர்வு நோய். அது சோம்பல் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் பாரமாகவே இருக்கும். எதிலும் ஆசை இருக்காது. தூக்கம் கெடும். அக்காவுக்கு முன்பே இரண்டு தடவை வந்தது. மருந்து சாப்பிட்டுக் குணமானார். இது மூன்றாவது தடவை.

குணமான நோய் ஏன் திரும்பி வருகிறது? அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்டேன்.

மழைக்காலத்தில் மண் பாதையில் மாட்டு வண்டி போகிறது. சக்கரத் தடம் ஆழமாகப் பதிகிறது. அடுத்த வண்டியும் தானாக அந்தத் தடத்தில்தான் இறங்கும். மனமும் அப்படித்தான்.

குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று வையுங்கள். நாம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். மறந்துவிடுவோம். நோய் வந்து போனவருக்கு அப்படி இல்லை. "எனக்கு எதுவும் சரியாக வராது" என்று மனம் தொடங்கும். "நான் எதற்கும் உதவாதவள்" என்று போகும். "இனி எப்போதும் இப்படித்தான்" என்று முடியும். சின்ன வருத்தம் பழைய தடத்தில் இறங்கிவிடுகிறது.

இதைத் தடுக்க ஒரு பயிற்சி இருக்கிறது. கனடா நாட்டு சிண்டெல் சீகல், பிரிட்டன் நாட்டு மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் இதை உருவாக்கினார்கள். இதன் வேர் புத்தர் வழித் தியானத்தில் இருக்கிறது. வாரம் ஒரு வகுப்பு. மொத்தம் எட்டு வாரம். வீட்டிலும் தினமும் பழக வேண்டும்.

முதல் நாள் ஓர் உலர்ந்த திராட்சை கொடுப்பார்கள். அதை உருட்டிப் பார்க்க வேண்டும். முகர வேண்டும். பிறகு மெதுவாக மெல்ல வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒரு நாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை.

பிறகு மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடும். அடுப்பில் வைத்த பாலுக்குப் போகும். வட்டிக்காரரிடம் போகும். போனது தப்பில்லை. போனதைக் கண்டு, மூச்சுக்குத் திரும்பி வர வேண்டும். பழகப் பழக ஒன்று புரியும். "நான் உதவாதவள்" என்பது ஓர் எண்ணம். மனம் பேசும் பழைய பேச்சு. அது உண்மை என்று நம்பத் தேவையில்லை.

2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களைப் பார்ப்போம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 66 பேருக்கு அது திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 பேருக்குத்தான் திரும்பியது. 2016இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் வித்தியாசம் குறைவு. பயிற்சி பெறாதவர்களில் 49 பேர், பெற்றவர்களில் 38 பேர். எல்லோரையும் காப்பாற்றும் மந்திரம் அல்ல இது. ஆனாலும் 100 பேரில் 11 பேர் தப்பினார்கள் அல்லவா?

நோய் கடுமையாக இருக்கும்போது இது முதல் மருந்து ஆகாது. குணமானவர்களுக்காகவே இதை உருவாக்கினார்கள். பயிற்சி செய்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது.

அக்கா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். தெளிந்த பிறகு பயிற்சி பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். போன வாரம் வகுப்புக்கு வந்தார். 14416 என்ற எண்ணைத் தன் கையால் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார்.