காலடி மண்ணின் வலிமை

பூகம்பம் என்றதும் சுவர்கள் பிளந்து கூரைகள் சரியும் காட்சியே நம் மனக்கண் முன் தோன்றும். கட்டடம் உடையாமலே கவிழ்ந்துவிடுவதும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஜப்பானிலுள்ள நீகாட்டா நகரில் அதுவே நிகழ்ந்தது. ஷினானோ ஆற்றையடுத்து நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகள் பல சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. சுவர்களோ பெரும்பாலும் சிதையவில்லை!

இதற்குக் காரணம் யாது? அக்கட்டடங்களின் கீழிருந்தது நீர் நிறைந்த, இறுகாத மணல். படியில் அளந்த அரிசியைக் குலுக்கினால் அது அமுங்கிக் குறைவதைக் கண்டிருப்பீர்கள். நிலம் அதிரும்போது மணலும் அவ்வாறே அமுங்க முயல்கிறது. ஆனால் மணிகளுக்கு இடையிலுள்ள நீர் உடனே வெளியேற வழியில்லை. அதன் அழுத்தம் ஏறுகிறது. முடிவில், ஒன்றையொன்று தாங்கி நின்ற மணிகள் பிடிப்பிழந்து, மணல் கூழாகிவிடுகிறது. அப்போது கனமான கட்டடம் அமிழ்கிறது, புதைத்து வைத்த வெற்றுத் தொட்டி மேலே மிதந்து வருகிறது, குழாய்கள் முறிகின்றன. அவ்வாண்டிலேயே கட்டி முடிக்கப்பட்ட ஷோவா பாலத்தின் பகுதிகளும் ஆற்றில் வீழ்ந்தன.

இத்தகைய மணலை முன்னதாகவே இறுக்கலாம். கடினமான அடுக்கைத் தொடும்வரை அடித்தூண்களை இறக்கலாம். நாளைய பொறியாளர்களாகிய மாணவர்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது இதுவே: சுவரின் உறுதியை அளக்குமுன் மண்ணின் உறுதியை அளந்தறியுங்கள். அதில் வாழப்போகும் மக்களின் உயிர் அந்த மண்ணை நம்பியே இருக்கிறது.