24 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம்: லாபம் யாருக்கு?

2023-ம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் பந்தயங்களில் இரண்டு பேர் ஆடினார்கள். இருவரும் தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுவேலா நாட்டுக்காரர்கள். இருவரும் 16 வயதிலேயே அமெரிக்க அணிகளிடம் கையெழுத்துப் போட்டு, ஊரை விட்டு வந்தவர்கள்.

ஒருவர் மிகேல் கப்ரேரா. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காரர். வயது 40. அந்த ஆண்டு அவர் அடித்த "ஹோம் ரன்" 4. (கிரிக்கெட்டில் சிக்சர் போல, பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பதே ஹோம் ரன்.) அதற்கு அவர் பெற்ற சம்பளம் 3 கோடியே 20 லட்சம் டாலர்.

மற்றவர் ரொனால்ட் அகுன்யா. அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காரர். வயது 25. அவர் அடித்த ஹோம் ரன் 41. எதிரணி கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த தளத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தது 73 தடவை. ஒரே ஆண்டில் இப்படிச் செய்தவர் அதற்கு முன்பு யாரும் இல்லை. தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் அவருக்கே கிடைத்தது. சம்பளம் 1 கோடியே 70 லட்சம் டாலர்தான்!

பத்து மடங்கு அடித்தவருக்குப் பாதிச் சம்பளம். இது எப்படி? விடை, இருவரும் பல ஆண்டுகளுக்கு முன்பு கையெழுத்திட்ட ஒப்பந்த நீட்டிப்பில் இருக்கிறது.

6 ஆண்டு விதி

ஒரு காலத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஓர் அணியில் சேர்ந்துவிட்டால், முதலாளியாக விட்டால் ஒழிய வேறு அணிக்குப் போக முடியாது. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்புதான் இந்தப் பூட்டை உடைத்தது. அதன் பிறகு ஆட்டக்காரர் சங்கமும் முதலாளிகளும் பேசி ஒரு விதி செய்தார்கள்.

முதல் மூன்று ஆண்டுகள், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் அணி கொடுப்பதுதான் சம்பளம். அடுத்த மூன்று ஆண்டுகளில் தகராறு வந்தால் நடுவர் முடிவு செய்வார். ஆறு ஆண்டு சர்வீஸ் முடிந்த பிறகே ஆட்டக்காரருக்கு விடுதலை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம்.

அந்த நாள் வருவதற்கு முன்பே ஆட்டக்காரரைப் பிடித்துவைக்க அணி செய்துகொள்ளும் ஏற்பாடுதான் ஒப்பந்த நீட்டிப்பு.

அவசரப்பட்ட டெட்ராய்ட்

கப்ரேரா சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 2012-ல் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், சேர்த்துக் கொடுத்த ரன் ஆகிய மூன்றிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றார். 1967-க்குப் பிறகு எந்த லீகிலும் யாரும் செய்யாத சாதனை அது. 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் 44 ஹோம் ரன் வீதம் அடித்தார். இரண்டு முறையும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார்.

2014 மார்ச் மாதம் டெட்ராய்ட் அணி அவருடன் எட்டு ஆண்டு நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டது. தொகை 24 கோடியே 80 லட்சம் டாலர். அப்போது பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருந்தன! புதிய ஒப்பந்தம் தொடங்கியது 2016-ல். கப்ரேராவுக்கு 33 வயது ஆகும் ஆண்டு அது. முடிந்தபோது வயது 40.

முதல் ஆண்டு 38 ஹோம் ரன். அணி மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு 16-ஆக இறங்கியது. 2018-ல் கைத் தசைநார் அறுந்து, 38 ஆட்டங்களோடு அந்தப் பருவம் முடிந்தது. எட்டு ஆண்டுகளிலும் சேர்த்து அவர் அடித்தது 103. விருது பெற்ற இரண்டே ஆண்டுகளில் 88 அடித்தவர் அவர்!

சம்பளமோ ஏறிக்கொண்டே போயிற்று. 2 கோடியே 80 லட்சம், 3 கோடி, 3 கோடியே 20 லட்சம் என்று, ஆபீசில் இன்கிரிமெண்ட் ஏறுவதுபோல. ஆபீசில் சர்வீஸ் கூடக் கூடக் குமாஸ்தாவுக்கு ஃபைல் அத்துப்படி ஆகும். மைதானத்தில் சர்வீஸ் கூடக் கூட முழங்கால்தான் தேயும்.

முந்திக்கொண்ட அட்லாண்டா

அகுன்யா 16 வயதில் வாங்கிய முன்பணம் ஒரு லட்சம் டாலர். 2019 ஏப்ரலில் அட்லாண்டா அணி அவர் முன் வைத்தது எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர். அப்போது வயது 21. விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கு வைத்துக்கொள்ளும் உரிமையும் அணிக்குத்தான். அவர் கையெழுத்திட்டார். 2024 முடிவில் கிடைத்திருக்க வேண்டிய விடுதலை தள்ளிப்போயிற்று.

ஏமாந்துவிட்டாரா? ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. 2021 ஜூலையில் அவருடைய வலது முழங்கால் தசைநார் அறுந்தது. 2024 மே மாதம் இடது முழங்காலுக்கும் அதே கதி. பேஸ்பாலில் ஒப்புக்கொண்ட சம்பளம், காயம் பட்டாலும் நிற்பதில்லை. அவர் விட்டுக்கொடுத்த பணத்தை இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரீமியம் மிகவும் அதிகம்.

கணக்குப் போடுவது எப்படி?

ஒப்பந்தம் மலிவா, விலை அதிகமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: வாங்குவது எந்த வயதை? பேட்டிங் ஆட்டக்காரர் பலரும் 30 வயதைத் தாண்டுவதற்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். டெட்ராய்ட் பார்த்தது 29 வயதுக் கப்ரேராவை. வாங்கியது 33 முதல் 40 வரை.

இரண்டாவது: அவர் இடத்தில் சாதாரண ஆள் நின்றால் அணி எத்தனை வெற்றியை இழக்கும்? 2023-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அந்தச் சம்பளத்துக்குக் கிடைப்பவரைவிட எவ்வளவு கூடுதலாகச் செய்கிறாரோ, அதற்குத்தான் மீதிப் பணம். வெறும் பெயருக்கு அல்ல.

மூன்றாவது: காத்திருந்தால் என்ன நஷ்டம்? டெட்ராய்ட் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால், வயது என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு பேசியிருக்கலாம். அட்லாண்டா பொறுத்திருந்தால் விலை ஏறியிருக்கும்.

இந்தக் கணக்கில் அட்லாண்டாவுக்கு லாபம். டெட்ராய்ட்டுக்கு நஷ்டம். 2015 முதல் 2023 வரை அந்த அணி ஒருமுறைகூட இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை.

ஆனால் 2021 ஆகஸ்டில் கப்ரேரா தமது 500-வது ஹோம் ரன்னை அடித்தார். 2022 ஏப்ரல் 23-ந் தேதி சொந்த ஊர் மைதானத்தில் 3,000-வது ஹிட். இரண்டு மைல் கல்லையும் தாண்டியவர்கள் சரித்திரத்தில் ஏழே பேர். அன்று எழுந்து நின்று கைதட்டிய டெட்ராய்ட் மக்களுக்கு அந்தச் சம்பளம் நினைவிலேயே இருந்திருக்காது.

கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டிய முதலாளிக்கு மட்டும் அந்த மறதி கூடாது. நீட்டிப்புத் தாளில் ஆண்டும் தொகையும் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டுகளில் ஆட்டக்காரரின் வயது என்ன என்பதை அவரேதான் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.