கிரியாட்டினின் இறங்கிய பிறகு

வயிற்றுப்போக்கில் உடல் வற்றிப்போன ஒருவர், எலிக்காய்ச்சல் கண்ட ஒருவர், வயலில் கண்ணாடிவிரியன் தீண்டிய ஒருவர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இவர்கள் ஒரே வார்டில் வந்து சேர்வதுண்டு. காரணம் வேறாக இருந்தாலும் மூவருக்கும் சில நாட்களுக்குள் சிறுநீரகம் திடீரென முடங்கிவிடக்கூடும். சிலருக்கு நாலைந்து முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும். பிறகு சிறுநீர் பெருகத் தொடங்கும். இரத்தத்தில் 6, 7 என்று ஏறி நின்ற கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 1.2-க்கு இறங்கும், "கிட்னி சரியாயிடுச்சு" என்ற நிம்மதியோடு வீடு திரும்புவார்கள். மருத்துவமனைக் கோப்பு பீரோவுக்குள் போய்விடும். அந்த நிம்மதியில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, சிறுநீரகம் தன்னைத் தானே எப்படிப் பழுதுபார்த்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

அடி விழும் இடம்

ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான் என்னும் வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் நாம் வெளியேற்றுவது ஒன்றிரண்டு லிட்டர்தான். மிச்சத்தில் பெரும்பகுதியை இழுத்து இரத்தத்துக்குத் திருப்புவது நெஃப்ரானின் அண்மைச் சுருள் நுண்குழல். அதன் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், நாற்றங்காலில் நெருக்கியடித்து நிற்கும் நாற்றுகளைப்போல மெல்லிய நீட்சிகள் அடர்ந்திருக்கும். ஓயாத வேலை என்பதால் இந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்திருக்கின்றன. ஆக்சிஜன் சிறிது குறைந்தாலும் தாங்க மாட்டா. இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்கு வந்தும், இந்தக் குழலின் கடைசிப் பகுதி இருக்கும் உட்புறத்துக்கு நல்ல நாளிலேயே ஆக்சிஜன் அளந்துதான் கிடைக்கிறது. இரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் தவிப்பது அந்த இடம். நாற்றுகள் உதிர்கின்றன, செல்கள் சுவரைவிட்டுக் கழன்று குழலை அடைக்கின்றன. அப்படிப்பட்ட நோயாளியின் சிறுநீரில் அடியில் படிவதை ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்தால், சேறு உருண்டு காய்ந்ததுபோலப் பழுப்பு உருளைகள் தெரியும். குழலையே அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்டவை அவை.

இதே போன்ற அடைப்புகளைத்தான் 1941-இல் மருத்துவர்கள் பைவாட்டர்ஸும் பீலும் லண்டனில் பதிவு செய்தார்கள். குண்டுவீச்சு இடிபாடுகளில் கால் நசுங்கி, உயிரோடு மீட்கப்பட்டு, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டவர்கள் அவர்களுடைய நோயாளிகள். அன்று டயாலிசிஸ் இல்லை. அது வந்து மக்கள் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான், பிழைத்தவரின் சிறுநீரகம் என்னவாகிறது என்ற கேள்விக்கே இடம் வந்தது.

அழற்சியை அடக்கினால் போதாதா?

சாகும் செல்லிலிருந்து கசியும் பொருட்களைப் பக்கத்துச் செல்கள் ஆபத்தின் அடையாளமாக உணர்கின்றன. உடனே வேதிச் செய்திகள் பரவ, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களும், பின்னால் மேக்ரோபேஜ்களும் வந்து குவிகின்றன. இதுதான் அழற்சி. இந்தக் கூட்டம் நலமான செல்களையும் சேர்த்துத் தாக்குவது உண்மைதான். அப்படியானால் அழற்சியை ஒரேயடியாக அடக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் முதலில் தாக்கிய மேக்ரோபேஜ்களே சில நாட்களில் குணம் மாறிச் சீரமைப்புக்குத் துணைநிற்கின்றன. அந்தக் கட்டத்தில் அவற்றை நீக்கிவிட்ட எலிகளில் குழல்கள் ஆறுவது தாமதமானது. காயம்பட்ட குழல் செல்களும் சும்மா இருப்பதில்லை. 1998-இல் சிறுநீரக ஆய்வாளர் பான்வென்டரின் குழு கண்டறிந்த கிம்-1 என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, செத்த அண்டைச் செல்களை அவையே விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் மூட்டின் அழற்சியைத் தணிப்பவை என்பதால் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரக இரத்தக்குழாயை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டினை அந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. பேதியோ வாந்தியோ இருக்கும் நாளில் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒரு மாத்திரை, ஏற்கெனவே மூச்சுத் திணறும் குழலின் கழுத்தை மேலும் நெரிக்கிறது.

துளிர்ப்பதும் தழும்பாவதும்

சிறுநீரகம் மீள்வது உண்மை, அது வியக்கத்தக்கதும்கூட. எங்கிருந்தோ மூலச்செல்கள் வந்து பழுதுபார்க்கின்றன என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பிழைத்த குழல் செல்களே பெருகி வெற்றுச் சுவரை மூடுகின்றன என்று 2008-இல் எலிகளில் காட்டப்பட்டது. அவை தம் நீட்சிகளைத் துறந்து, தட்டையாகப் பரவி, பிரிந்து பெருகி, இடம் நிரம்பியதும் மறுபடி பழைய வடிவுக்கு வருகின்றன. லேசான அடியென்றால் கதை இங்கே நன்றாக முடிந்துவிடும். அடி பலமானால், அல்லது திரும்பத் திரும்ப விழுந்தால், சில செல்கள் மரபுப்பொருளை இரட்டித்துக்கொண்டும் பிரிய முடியாமல் பாதியில் நின்றுவிடுகின்றன. அப்படி நிற்கும் செல்கள் தழும்பை வளர்க்கும் காரணிகளைச் சுரக்கின்றன என்று பான்வென்டர் குழுவினர் 2010-இல் விளக்கினார்கள். அந்தத் தூண்டுதலில், நுண்ணிய இரத்தக்குழாய்களை அணைத்து நின்ற பெரிசைட் செல்கள் அந்த இடத்தைவிட்டு விலகி நார் பின்னத் தொடங்குகின்றன. பிடிமானம் போன இரத்தக்குழாய் சுருங்கி மறைகிறது. அதனால் பக்கத்து நெஃப்ரானுக்கும் ஆக்சிஜன் குறைகிறது. முதல் நோய் தீர்ந்து மாதங்களான பின்னும் சேதம் தானாகவே பரவுவதற்கு வழி இதுதான்.

பான்வென்டர் குழு எலிகளில் செய்த அந்த 2010 சோதனைகளில் பயன்பட்ட நஞ்சுகளில் ஒன்று அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் குடும்பத்துச் செடிகளில் இருப்பது. பச்சிலைக்குப் பக்கவிளைவு இல்லை என்பவர்கள் இதை அறிய வேண்டும்.

எண் மறைப்பது

கிரியாட்டினின் இயல்பாக இருந்தால் கவலை எதற்கு? சிறுநீரகம் தானம் கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். பாதி நெஃப்ரான்களை இழந்தும் பலருக்கு அந்த எண் இயல்பு வரம்புக்கு அருகிலேயே நிற்கிறது. எஞ்சியவை கூடுதலாக உழைக்கின்றன. மேலும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்கு, சிறுநீரகம் முழுதாக ஆறாமலேயே எண் குறைந்து காட்டும்.

2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் பின்னாளில் நாட்பட்ட சிறுநீரக நோய் வரும் அபாயம், அது நேராதவர்களைவிட ஏறத்தாழ 9 மடங்கு இருந்தது. அவர்களில் பலருக்கு முன்பே நீரிழிவோ பலவீனமான சிறுநீரகமோ இருந்திருக்கும், பழியை ஒரு நிகழ்ச்சியின் மேல் போடலாமா என்பது நியாயமான கேள்வி. அந்த 9 மடங்கு முழுவதும் காயத்தால் வந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு எந்த நோயும் இல்லாத இளம் எலிக்கு ஒரே ஒரு கடுமையான அடி போதும், தழும்பு வந்துவிடுகிறது. முன்நோய் அபாயத்தைக் கூட்டும். காயத்தின் பங்கு அதனால் இல்லையென்று ஆகிவிடாது.

தழும்பைக் கரைக்க மருந்தில்லையே, தெரிந்து என்ன பயன் என்பார்கள். கரைக்க முடியாது, வேகத்தைக் குறைக்க முடியும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிந்தால் அதைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் பல ஆண்டுகளாக உள்ளன. தேர்ந்தெடுத்த நோயாளிகளில் சிறுநீரகம் தேயும் வேகத்தை டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து குறைக்கிறது என்று 2020-இல் நிறுவப்பட்டது. இவற்றைத் தொடங்க முதலில் கசிவு தெரிய வேண்டும். 2012-இன் பன்னாட்டு வழிகாட்டுதல், செயலிழப்பு நேர்ந்த 3 மாதத்தில் மறுபரிசோதனை கேட்கிறது. அதில் கிரியாட்டினினோடு, சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விகிதத்துக்குக் காலைச் சிறுநீர் கொஞ்சம் போதும், ஊசிகூட வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கோப்பின் அட்டையில், மருத்துவமனையில் சேர்ந்தபோது இருந்த கிரியாட்டினின், அது தொட்ட உச்சம், வீடு திரும்பியபோது இருந்த அளவு, 3 மாதம் கழித்து வர வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். பல் வலிக்கோ முட்டி வலிக்கோ வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையை முதலில் காட்டுங்கள். பேதி வந்தால் இரத்த அழுத்த மாத்திரையையும் நீர் மாத்திரையையும் எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்பதையும் இப்போதே கேட்டு, அதற்குக் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.