முகம் பார்க்கவும், மறுபக்கம் பார்க்கவும்

தமிழில் இரண்டுக்கும் 'கண்ணாடி' என்ற ஒரே பெயர்தான். ஹைட்ரஜன் வாயு பட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் இந்தக் கண்ணாடியில் பொருளும் ஒன்றே.

முகம் காட்டும் இந்தப் பளபளப்பு, இட்ரியம் என்ற உலோகத்தின் படலம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2000-இல் ஒரு பங்கு. அதன்மேல் இன்னும் மெல்லிய பல்லேடியம் பூச்சு. வேலை தொடங்குவது அங்கேதான். அதன் மேற்பரப்பைத் தொடும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அணுக்கள் பூச்சைக் கடந்து இட்ரியத்துக்குள் குடியேறுகின்றன. ஓர் இட்ரியம் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற அளவிலும் பளபளப்பு போவதில்லை. மூன்றை நெருங்கும்போது, லேசான மஞ்சள் சாயலோடு மறுபக்கம் தெரியத் தொடங்கும். வாயுவை நீக்கினால் மறுபடி உங்கள் முகம்.

ஆம்ஸ்டர்டாமில் ரொனால்ட் கிரீசன் குழுவினர் 1996-இல் இதை வெளியிட்டார்கள். பல்லேடியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: காற்று பட்டு இட்ரியம் ஆக்சைடாகிவிடாமல் காக்கிறது.