பழைய ஏடுகள் சொல்லும் மீன் கணக்கு

கடலில் மீன் குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு குறைந்தது? அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட கடலையே நிறைந்த கடல் என்று நம்பிவிடுகிறது. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995ஆம் ஆண்டில் இந்த மறதியைச் சுட்டிக்காட்டினார்.

மறதியைத் திருத்தப் பழைய ஏடுகள் உதவுகின்றன. அமெரிக்காவின் பெவர்லி துறைமுகப் பாய்மரக் கப்பல்கள், கனடாவின் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கடலில் கைத்தூண்டில் போட்டுக் காட் மீன் பிடித்தன. அரசாங்க உதவித்தொகைக்காக அன்றாடப் பிடிப்பை எண்ணி எழுதிவைத்தனர். 1852 முதல் 1859 வரையிலான அந்த ஏடுகளில் பிடிப்பு சரிந்துவருவது தெரிகிறது. இத்தனை மீன் எடுத்தபின் பிடிப்பு இவ்வளவு குறைந்தது என்றால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

2005ஆம் ஆண்டில் விடை வெளியானது. 1852இல் அங்கிருந்த காட் மீன் சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம் டன். ஆய்வு நடந்த காலத்தில் எஞ்சியிருந்தது 50,000 டன்னுக்கும் குறைவு.

அண்மைக் காலக் கணக்கை மட்டும் வைத்து மீன்வளம் மீண்டுவிட்டது என்று அறிவித்தால், வற்றிய கடலையே இலக்காகக் கொண்டதாகிவிடும். எந்த அளவுக்கு மீட்க வேண்டும் என்பதைப் பழைய ஏடுகளே சொல்கின்றன.