முன்னால் போகிறது கார். பின்னால் அறைகிறது காற்று!

ஆடி மாதம். தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்கு ஒரு குடும்பம் காரில் போகிறது. காரின் கூரை திறந்திருக்கிறது. முன்சீட்டில் இருக்கும் பெண்ணின் கூந்தல் எந்தப் பக்கம் பறக்கும்?

பின்பக்கம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது முகத்தில் வந்து விழுகிறது! பிடரியில் காற்று அறைகிறது. பேசுவது காதில் விழுவதில்லை.

இது எப்படி?

கல்லணைக்குப் போனதும் விடை கிடைக்கும். மதகுத் தூண்களைத் தாண்டித் தண்ணீர் பாய்கிறது. தூணுக்குப் பின்னால் அது சுழல்கிறது. அங்கே விழும் வைக்கோல் துரும்பு ஆற்றோடு போவதில்லை. தூணை நோக்கித் திரும்பி வருகிறது.

காரின் முன்கண்ணாடியும் அந்தத் தூணைப் போன்றதுதான். காற்று அதன்மேல் ஏறிப் பாய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பப் பின்புறக் காற்று முன்னோக்கி ஓடி வருகிறது. அதுதான் பிடரியில் அறைகிறது.

வேகம் கூடினால் தொல்லையும் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால், காற்றின் அடி 2 மடங்கு அல்ல, 4 மடங்கு!

வலை போட்டார்கள்

1989-ல் ஜெர்மனியின் மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி ஒரு வழி செய்தது. தன்னுடைய எஸ்.எல். காரில், சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு வலையை நிறுத்தியது. திரும்பி வரும் காற்று வலைக்கண்களில் சிக்கி வேகம் இழக்கிறது.

பலகை வைத்தால் ஆகாதா? பலகையைச் சுற்றி இன்னொரு சுழல் உண்டாகும். வலையோ கொஞ்சம் காற்றை விட்டு, மிச்சத்தை அடக்குகிறது. பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மூடிய காரிலும் உண்டு

பின்கதவுக் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால், சில கார்களில் "தொம் தொம்" என்று காது அடைக்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் சத்தம் வருகிறதல்லவா? அதே கதைதான். இன்னொரு கண்ணாடியைச் சிறிது இறக்கினால் சத்தம் அடங்கும்.

உயிரைக் குடித்த சால்வை

இசடோரா டங்கன் புகழ்பெற்ற அமெரிக்க நடனமணி. 1927 செப்டம்பர் 14-ந் தேதி பிரான்சில் நீஸ் நகரில் திறந்த காரில் சென்றார். கழுத்தில் நீண்ட பட்டுச் சால்வை. அது சக்கரத்தில் சிக்கியது. கழுத்து இறுகி அவர் இறந்தார்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே சேலைத் தடுப்புக் கம்பி வைப்பதும் இத்தகைய ஆபத்தைத் தடுக்கத்தான்.

திறந்த வண்டியில் ஏறும் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு வண்டி புறப்படட்டும்.